படிப்பு ஏறாத பிள்ளைக்கு எந்த விடுதி?



சென்ற மாதம் சம்பளம் போட்ட மறு ஞாயிறு. பசியாறிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பழைய வேனில் கணவன் மனைவி இருவரும் வந்து இறங்கினார்கள். கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். மனைவி அதே தோட்டத்தில் உரம் போடும் வேலைக்குப் போகிறவர். அவர்களோடு பதினொரு வயதுப் பையன் ஒருவன். பெற்றோர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பையன் மட்டும் கேட்டருகிலேயே நின்றுவிட்டான். என் வீட்டுக் கேட்டு ஆறு மாதமாகச் சரியாக மூடுவதில்லை. தூக்கித்தான் மூட வேண்டும். கீழே குனிந்து பார்ப்பதும், மேலே பார்ப்பதுமாக இருந்தான்.

"டீச்சர், இவனுக்குப் படிப்பே ஏற மாட்டேங்குது. அஞ்சாம் ஆண்டு படிக்கிறான். இன்னும் ஒரு பக்கம் படிக்க வரல. எங்கேயாவது அஸ்ராமாவுல போட்டா கட்டுப்பாடா இருப்பான், படிச்சிடுவான்னு எல்லாரும் சொல்றாங்க. நல்லதா ஒண்ணு நீங்க சொல்லுங்க" என்றார் தகப்பனார்.

தாய் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன லோரியை எடுத்து மேசைமேல் வைத்தார். பால் டின்னை வெட்டிச் செய்தது. பின்பக்கத்துத் தொட்டி உண்மையான செம்பனை லோரியைப் போலவே தூக்கிக் கொட்டியது. அதற்கு ஒரு ஊசிமருந்துக் குழாயில் தண்ணீர் அடைத்து விசை செய்திருந்தான். "தானே செஞ்சது டீச்சர். யாரும் சொல்லித் தரல" என்றார்.

வாசகர்களே, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இதே கதை பலமுறை வந்திருக்கிறது. ஊர் மாறும், பிள்ளையின் பெயர் மாறும். கை வேலையில் கெட்டிக்காரன், புத்தகத்தைத் திறந்தால் வியர்த்து விடுகிறான். கோயில் திருவிழாவுக்கு முழு அலங்காரமும் அவள் கையால்தான், கட்டுரை எழுதச் சொன்னால் அழுகிறாள். அப்புறம் கடைசி வரியில் அந்தக் கேள்வி: எந்த விடுதியில் போடலாம்? ஆகையால் இந்த மாதம் இதைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விடுதி என்பது பிள்ளை தூங்கி எழுந்து சாப்பிடும் இடம். பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்று கண்டுபிடிக்கும் இடம் அதுவல்ல. காரணம் தெரியாமல் விடுதியில் சேர்ப்பது, என்ன காய்ச்சல் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைப்பது போலத்தான்.

காரணம் பல இருக்கலாம். கண் சரியாகத் தெரியாமல் இருக்கலாம், காது மந்தமாக இருக்கலாம். இவை இரண்டையும் முதலில் கிளினிக்கில் பார்த்துவிட வேண்டும். இரண்டும் நன்றாக இருந்து, பேச்சும் புத்தியும் நன்றாக இருந்து, எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால் அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். 1896-ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். பதினான்கு வயதுப் பையன், விளையாட்டில் சுட்டி, கணக்கும் வரும். பெர்சி என்ற தன் பெயரை எழுதச் சொன்னால் எழுத்தை இடம் மாற்றி எழுதுவான். தவறு என்று அவனுக்கே தெரியாது. எல்லாப் பாடத்தையும் வாயால் சொல்லிக் கொடுத்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவன் ஆசிரியர் சொன்னாராம்.

நம் பிள்ளைகளுக்குச் சிரமம் இன்னும் அதிகம். 'கொ' என்று எழுத வேண்டும். வாயில் முதலில் வருவது 'க்'. தாளில் முதலில் நிற்பது கொம்பு, கடைசியில் கால். ல, ள, ழ என்று மூன்று. ண, ந, ன என்று மூன்று. இதோடு மலாய், ஆங்கிலம் என்று வேறொரு எழுத்து முறை. அதில் முதுகு மாற்றி நிற்கும் எழுத்துகள். சாதாரணப் பிள்ளை தாண்டிப் போய்விடும். இந்தப் பிள்ளை ஒவ்வொரு படியிலும் தடுக்கி விழுகிறது. நாமோ சோம்பேறி என்கிறோம்.

நான் பெரிய யோக்கியம் போல எழுதவில்லை. முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் கற்பித்தவள் நான். என் சொந்தத் தம்பியையே மக்கு என்று சொல்லி வளர்ந்தவளும் நான்தான்.

எங்கள் அப்பா பால்மரம் வெட்டியவர். தம்பிக்குப் படிப்பு வரவில்லை என்று 1969-இல் ஒரு பட்டணத்து விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவனுக்கு அப்போது பதினோரு வயது. காலையில் பள்ளிக்கூடத்தில் அடி. அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். மாலை ஏழு மணிக்கு எல்லாப் பிள்ளைகளையும் நீள மேசையில் உட்கார வைத்துப் புத்தகத்தைத் திறக்கச் சொல்வார்களாம். இரண்டு மணி நேரம். அவனுக்கு ஒரு வரி படிக்கத் தெரியாது. பக்கத்தைப் புரட்டாமல் இருப்பதைப் பார்த்து வார்டன் முட்டி போட வைப்பார். வீட்டுக்குக் கடிதம் எழுதித் தெரிவிக்கலாம் என்றால் எழுதத்தான் தெரியாதே. மூன்றாம் மாதம் ஒரு லோரியில் ஏறி ஓடிவந்துவிட்டான். அப்பா நாலு போட்டு மறுபடி கொண்டுபோய் விட்டார். மறுபடியும் ஓடிவந்தான். அதன் பிறகு படிப்பு நின்றது.

அவன் பிற்காலத்தில் என்ன ஆனான் தெரியுமா? விளம்பரப் பலகை எழுதுகிறவன்! கடைப் பெயர், கோயில் திருவிழாப் பலகை, கல்யாண வாழ்த்து எல்லாம் எழுதுவான். முத்து முத்தாக இருக்கும். யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதைப் படம் போலப் பார்த்து வரைவான். காய்வதற்கு முன் மனைவியைக் கூட்டிவந்து பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வான். அவனுக்கு ஐம்பது தாண்டிய பிறகு பேத்திக்கும் இதே தொல்லை வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து டிஸ்லெக்சியா என்றார்கள். குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வரக்கூடியது என்றும் சொன்னார்கள். அன்று இரவு எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அக்கா, அப்போ நான் மக்கு இல்லையா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நிற்க. விஷயத்துக்கு வருவோம்.

பிள்ளை கீழ் வகுப்பில் இருந்தால் விடுதிப் பேச்சே வேண்டாம். பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு இருக்கிறதா என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். அந்த வகுப்பு பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்குத்தான்; நாள் கடத்தினால் தவறிப் போகும். அரசாங்கக் கிளினிக் டாக்டரிடம் சொன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார். டாக்டர் உறுதிப்படுத்திய பிள்ளைக்குச் சிறப்புக் கல்வியில் இடம் கேட்கலாம். 2013-ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகள் அதற்கு வழி செய்திருக்கின்றன. 2019 முதல், இப்படிப்பட்ட பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று எந்த அரசாங்கப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. கோலாலம்பூரில் 1994-இல் தொடங்கிய மலேசிய டிஸ்லெக்சியா சங்கமும் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து வகுப்பு நடத்துகிறது.

சமூக நல இலாகாவில் ஊனமுற்றோர் அட்டைக்குப் பதியச் சொன்னால் நம்மவர்கள் பயப்படுகிறார்கள். "நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கணுமே" என்று ஒரு தாய் எனக்கு எழுதியிருந்தார். அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அது தனி அட்டை. பிள்ளையின் அடையாள அட்டையில் குத்தும் முத்திரை அல்ல. பதிவது கட்டாயமும் இல்லை. கற்றல் பிரச்சினை என்ற பிரிவில் டிஸ்லெக்சியாவும் அடங்கும். பள்ளி மூலம் முன்கூட்டியே மனுப் போட்டால் எஸ்.பி.எம். சோதனையில் இப்பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். அதற்கு டாக்டரின் உறுதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே விடுதி வேண்டாம் என்பது என் கருத்து. தாயற்ற பிள்ளை, வீட்டில் குடி, அடிதடி என்றால் அது வேறு பேச்சு. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு நாள் முழுவதும் வெளியே தோல்விதான். வீட்டுக்கு வந்து அந்த டின் லோரியைக் கையில் எடுக்கும் ஒரு மணி நேரம்தான் அவன் ஜெயிக்கும் நேரம். அதையும் பிடுங்கிக்கொண்டு அனுப்புகிறோம்.

இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வயதில் கதை மாறுகிறது. தோட்டத்திலிருந்து பள்ளி தூரம், பஸ் இல்லை, கூட்டாளிகள் சரியில்லை என்று பல காரணங்கள். கைத்திறன் உள்ள பிள்ளைக்கு நல்ல இடங்களும் இருக்கின்றன. கல்வி அமைச்சு 2007-இல் ஜொகூரிலும் சரவாக்கிலும் கலைப்பள்ளி தொடங்கியது. பின்னர் வேறு சில மாநிலங்களிலும் வந்தன. ஓவியம், இசை, நடனம், நாடகம் எனப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். முதலாம் படிவத்துக்குத் திறமை பார்த்து எடுக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அங்கும் மற்றப் பாடங்கள் உண்டு, எஸ்.பி.எம். உண்டு. ஓவியத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டு, வரலாற்றுப் புத்தகத்தோடு பிள்ளையைத் தனியே விட்டுவிட்டால் பழைய கதைதான். விடுதியில் இடம் உண்டா என்று கேட்கும்போதே, வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைக்கு யார் துணை என்றும் கேட்டுவிடுங்கள்.

சிறப்புக் கல்விக்குப் பதிவான பிள்ளைக்கு ஷா ஆலாம், ஜொகூர் கூலாய் அருகே இண்டாபுரா, கெடா மெர்போக் ஆகிய இடங்களில் தொழிற்கல்வி இடைநிலைப்பள்ளிகள் உண்டு. எழுதுவதைவிடச் செய்வது அதிகம். பள்ளியை விட்டே நின்றுபோன நம் இளையோரைத் தங்கவைத்துக் கைத்தொழில் கற்றுத்தருகிறது மைஸ்கில்ஸ் அறவாரியம். உலு சிலாங்கூர் காலும்பாங்கில் இருக்கிறது. இவை தவிரக் கோயில்களும் ஆசிரமங்களும் பொதுநல அமைப்புகளும் நடத்தும் விடுதிகள் ஊருக்கு ஊர் உண்டு. நல்லதும் உண்டு, வெறும் கட்டடமும் உண்டு.

எப்படித் தெரிந்துகொள்வது? காலையில் போகாதீர்கள். காலையில் எல்லா விடுதியும் அழகாகத்தான் இருக்கும். தரை துடைத்திருக்கும், கட்டிலில் போர்வை மடித்திருக்கும், சுவரில் பரிசுக் கோப்பை இருக்கும். மாலைப் படிப்பு நேரத்தில் போங்கள். என் தம்பி முட்டி போட்டது அந்த நேரத்தில்தான். எத்தனை பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். தடுமாறும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது வாசித்துக் காட்டுகிறார்களா? அல்லது சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று விட்டிருக்கிறார்களா? வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அமைதியான அறையைப் போல் தண்டனை வேறில்லை.

அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். துணி துவைக்கும் முறை, வீட்டுக்குப் போகும் நாள், அறை கூட்டும் முறை எல்லாம் அங்கேதான் ஒட்டியிருக்கும். படிக்க முடியாத பிள்ளை முறையைத் தவறவிடும். திமிர் என்று தண்டனை கிடைக்கும். வாயாலும் சொல்வீர்களா என்று வார்டனைக் கேளுங்கள். "அதெல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி. பாடத்தில் குறைந்தால் என்ன செய்வீர்கள்? "ஓவிய வகுப்புக்கும் பட்டறைக்கும் விடமாட்டோம், அந்த நேரத்தில் படிக்க வைப்போம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். கண்டிப்பான இடம் என்று நாமும் மகிழ்ந்துபோவோம். இந்தப் பிள்ளைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. அவனுக்கு வரும் ஒன்றையும் அடைத்துவிட்டு, வராத ஒன்றையே நாள் முழுக்கத் தின்னச் சொல்வது அது.

தொலைபேசி எப்போது கொடுப்பார்கள் என்பதையும் கேளுங்கள். எழுத்துச் செய்தி அனுப்பத் தெரியாத பிள்ளைக்கு வாரம் ஒரு முறையாவது அம்மாவின் குரல் கேட்க வேண்டும். சாப்பாட்டையும் கேட்கத் தயங்காதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாத பிள்ளைக்கு அன்று என்ன கொடுப்பார்கள் என்று கேட்பது தவறில்லை. பிள்ளையிடமும் கேளுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

2007-இல் 'தாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படம் வந்தது. உங்களில் பலர் பார்த்து அழுதிருப்பீர்கள். வாசிக்க வராத, படம் வரையும் பையன் ஒருவனைத் தண்டனை போல விடுதிப் பள்ளியில் சேர்ப்பார்கள். அங்கே ஓர் ஓவிய ஆசிரியர் வந்து அவனைப் புரிந்துகொள்வார். அவருக்கும் சிறுவயதில் அதே சிரமம். படம் நல்ல படம். ஆனால் உங்கள் பிள்ளையின் விடுதிக்கும் அப்படி ஒரு வாத்தியார் வருவார் என்று எழுதிக் கொடுத்தவர் யார்? நாம் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "என் பிள்ளை பெரிய கலைஞனாக வருவான், வாசிப்பு வராவிட்டால் என்ன" என்று சொல்லும் பெற்றோரும் உண்டு. ஐன்ஸ்டைன் கதையெல்லாம் சொல்வார்கள். அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம். பூச்சிமருந்து டின்னில் எழுதியிருப்பதை அவன் படிக்க வேண்டும். சம்பளச் சீட்டைப் படிக்க வேண்டும். கையெழுத்துப் போடும் தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். என் தம்பியை ஒரு முதலாளி ஒப்பந்தத்தில் ஏமாற்றிய கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். வாசிப்பு இப்பிள்ளைகளுக்கும் வரும். மெதுவாக வரும், வேறு வழியில் வரும். எழுத்தைக் கண்ணால் பார்த்து, ஒலியை வாயால் சொல்லி, மணலிலோ மேசையிலோ விரலால் எழுதி, மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் முறை 1930-களிலேயே அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதித்தானே படித்தார்கள்? அதைச் செய்ய விடுதி வேண்டியதில்லை. ஒரு தட்டும் கொஞ்சம் மணலும், வேலை முடிந்து வந்து பத்து நிமிடம் உட்கார ஓர் ஆளும் போதும்.

அந்தத் தம்பதியரிடமும் இதையெல்லாம்தான் சொன்னேன். தகப்பனார் குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு, "எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான் டீச்சர்" என்றார். மனைவி திரும்பி அவரைப் பார்த்தார். பதினைந்து வருடம் கூட வாழ்ந்தவருக்கு அன்றுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அவர்கள் கிளம்பிய பிறகு கேட்டை மூடப் போனேன். ஒரு விரலால் தள்ளினேன், மூடிக்கொண்டது. கம்பித் துண்டு ஒன்றை வளைத்து அடியில் முட்டுக் கொடுத்திருந்தான்.

போன வாரம் தகப்பனார் தொலைபேசி எடுத்தார். கிளினிக்கில் காட்டி ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்கிவிட்டார்களாம். உறவினர் ஒருவர் சொன்ன விடுதியையும் போய்ப் பார்த்தார்களாம். "நீங்க சொன்ன மாதிரியே ஏழு மணிக்குப் போனோம் டீச்சர். நாப்பது பிள்ளைங்க, ஒரே வாத்தியார். அவரும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கிட்டு இருந்தார். பாரத்தை வாங்காமலே திரும்பிட்டோம்."

ஆறாம் ஆண்டு முடிய இன்னும் காலம் இருக்கிறது. கலைப்பள்ளி மனு எப்போது திறக்கும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். டின் லோரியைப் பத்திரமாக வைக்கவும் சொன்னேன். திறமை பார்க்கும் நாளில் காட்ட வேண்டும். "பையன் என்ன சொன்னான்?" என்று கேட்டேன். "விடுதியைப் பத்தி ஒண்ணும் சொல்லல. அங்கே இருந்த பெரிய இரும்புக் கேட்டு தானா எப்படி மூடிக்குதுன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தான்" என்றார்.